பெரிய அளவில் ஒரு ஜீரோ: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தை 1/32 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்காக, பிளாஸ்டிக் கிட்டிலிருந்து செய்வது பற்றி எழுதியிருந்தேன். கொழிஞ்சாம்பாறை, செங்கோட்டை, குமுளி, களியக்காவிளை, அந்தப் பக்கம் நகரி, புத்தூர் என்று எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

சார், 1/72 அளவில் சில விமானங்கள் செய்து பழகிவிட்டேன். ஜீரோவை நேராக 1/32-ல் செய்யலாமா, இல்லை நடுவில் 1/48 ஒன்று செய்துவிட்டுப் போகலாமா? எந்தக் கிட் வாங்குவது?
– கொழிஞ்சாம்பாறை

நேராகவே போங்கள் தம்பி. அளவு பெரிதானால் வேலை கடினமாகிவிடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள், ஆனால் பாகங்கள் விரலில் பிடிபடுகிற அளவில் இருப்பதால் காக்பிட் மாதிரி இடங்களில் 1/72-ஐவிட இதுதான் லேசு. கூடுகிற சுமை வேறு: பாகங்கள் அதிகம், பெயின்ட் நிறையக் குடிக்கும், உடலின் இரண்டு பாதியும் சேருகிற கோடு சரியாகத் தேய்க்காவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும், அப்புறம் வைக்க இடம் வேண்டும். ஜீரோ மாடல் 21-க்கு இறக்கை முனையிலிருந்து முனைக்கு 12 மீட்டர். 1/72-ல் அது 17 சென்டிமீட்டர்கூட வராது, 1/32-ல் 37.5 சென்டிமீட்டர், ட்ரம்பெட்டர் போடுகிற 1/24 கிட் என்றால் அரை மீட்டர். ஆர்டர் போடுவதற்கு முன்னால் அலமாரியை அளந்துவிடுங்கள்.

கிட் என்றால் டமியாதான். 1/32-ல் மாடல் 52 கிட்டை 2000-இலும் மாடல் 21 கிட்டை 2006-இலும் கொண்டுவந்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் பாகங்கள் சேருகிற துல்லியத்தில் இரண்டும் குறை சொல்ல முடியாதவை, பட்டி பார்க்கிற வேலை மிகக் குறைவு. ஜீரோதான் வேண்டும் என்று இல்லாவிட்டால் ஹசெகாவா கம்பெனியின் 1/32 ஹயாதே, ஷிடென் காய் என்ற வேறு இரண்டு ஜப்பானியப் போர் விமானங்களும் நல்ல கிட்கள், விலையும் இதைவிடத் தாழ்வாகக் கிடைக்கும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பல பதில்களுக்கும் இதுதான் அடிப்படை. ஜீரோ என்று பொதுவாக ஒரு விமானம் கிடையாது. 1939 ஏப்ரல் 1 அன்று முதல் மாதிரி பறந்ததிலிருந்து 1945 வரை பத்தாயிரத்துக்கு மேல் செய்தார்கள். வடிவமைத்தது மிட்சுபிஷியின் ஜிரோ ஹொரிகோஷி குழு, ஆனால் அதிக எண்ணிக்கையில் செய்தது நகாஜிமா ஆலை. மாடல் 21-க்கு 12 மீட்டர் இறக்கை, கப்பலின் லிஃப்டில் இறங்குவதற்காக இரண்டு முனையிலும் ஐம்பது சென்டிமீட்டர் மடங்கும். மாடல் 52-க்கு மடிப்பே இல்லாத 11 மீட்டர் இறக்கை, எஞ்சின் புகைக்குழாய்கள் தனித்தனியாகக் கவுலிங்கின், அதாவது எஞ்சின் மூடியின், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். முதலாவது மேலிருந்து கீழ்வரை பச்சை கலந்த சாம்பல். இரண்டாவது மேலே கரும்பச்சை, கீழே சாம்பல். அந்தப் பச்சையும் சாம்பலும் சந்திக்கும் கோடு மிட்சுபிஷி செய்த விமானத்தில் வால்வரை நேராக ஓடும், நகாஜிமா செய்ததில் வால் பக்கம் வளைந்து மேலே ஏறும். பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே எந்த ஆலை, எந்தப் படைப்பிரிவு, எந்த மாதம் என்று ஒரு விமானத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதைச் செய்துவிட்டால் எந்தப் பச்சை, எவ்வளவு அழுக்கு, எந்த எண் என்ற கேள்விகள் பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிடும். செய்யாவிட்டால் பாதி வேலையில் வந்து மாட்டிக்கொள்வீர்கள்.

அண்ணாச்சி, சாரல் சமயத்தில் கரும்பச்சை அடித்தேன். அடிக்கும்போது நன்றாக இருந்தது, பத்து நிமிஷத்தில் இறக்கை முழுக்க வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. பெயின்ட் கெட்டுப்போனதா?
– செங்கோட்டை

பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது, காற்றில் இருக்கிற ஈரம்தான் காரணம். லேக்கர் பெயின்ட்டில் தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது அது படிந்திருக்கிற பரப்பைக் குளிரவைக்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாளில் காற்றே நனைந்துகிடக்கிறது, அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளி படிந்து, காயாத பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை. கறுப்பு, கரும்பச்சை, பளபளக்கும் கிளியர் கோட் மூன்றிலும் இது அதிகமாகத் தெரியும்.

உரித்து எடுக்க வேண்டியதில்லை. காற்று வறண்ட ஒரு நாளில், மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கலந்த லேக்கர் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றி, பரப்பு லேசாக நனைகிற அளவுக்கு மெல்லியதாக அடியுங்கள். பெயின்ட் இளகி, உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறி, பெரும்பாலும் பழைய நிறம் திரும்பிவிடும். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் வழிந்துவிடும், கை நகர்ந்துகொண்டே இருக்கட்டும்.

இனிமேல் வராமல் இருக்க ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றை மேஜையில் வையுங்கள், விலை அதிகமில்லை. எழுபதுக்கு மேல் காட்டினால் நான் லேக்கரைத் தொடுவதில்லை. டமியாவின் சாதாரண அக்ரிலிக் இந்த விஷயத்தில் அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது, அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து மெல்லிய அடுக்குகளாக அடித்து, நடுநடுவே ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காட்டினால் போதும். கம்ப்ரஸரையும் பாருங்கள். ஈரக் காற்றை அழுத்தும்போது டேங்கில் தண்ணீர் சேரும், தினமும் வேலை முடிந்ததும் அடியில் இருக்கிற திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். ஈரப் பிடிப்பான் ஒன்று ஹோஸின் கைப்பக்கத்திலும் இருந்தால் நல்லது. சந்தேகமாக இருந்தால் பெயின்ட் ஊற்றாமல் வெறும் காற்றை முகம் பார்க்கும் கண்ணாடியில் அடித்துப் பாருங்கள், புள்ளி விழுந்தால் அன்றைக்குப் பெயின்ட் வேண்டாம்.

உங்கள் ஊரில் சாரல் மாதங்களைக் காக்பிட்டுக்கும் எஞ்சினுக்கும் ஒதுக்கிவிடுங்கள், வெளிப்புறப் பெயின்ட்டை தை, மாசிக்குத் தள்ளுங்கள். 1/32-ல் காக்பிட்டும் ஜீரோவின் சகாயே எஞ்சினும் மட்டுமே ஒரு மழைக்காலத்துக்கு வேலை கொடுக்கும். எண், குறியீடுகளை ஒட்டுகிற டீகல் தாளை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பிடித்த தாளை எதுவும் செய்ய முடியாது. மஞ்சளாகிவிட்ட தாள் என்றால் வழி இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிச் சில நாள் வெயில் படவிட்டால் வெளுக்கும்.

அண்ணா, எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, நூலுக்குப் பஞ்சமில்லை. ஜீரோவின் ஏரியல் கம்பிக்கு எந்த நூல் சரிப்படும்? தகரக் கூரை வீடு, பஞ்சுத் தூசியும் இருக்கிறது, என்ன செய்யலாம்?
– நகரி

பருத்தி நூல் வேண்டாம். வெறும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், கட்டிப் பெயின்ட் அடித்த பிறகு பார்த்தால் இழை இழையாக ரோமம் நிற்கும், மெழுகு தடவினாலும் முழுக்கப் படியாது. உங்களிடம் பாலியஸ்டர் ஒற்றை இழை இருந்தால் அது நல்லது. 1/32-க்கு 0.1 மில்லிமீட்டர் தடிமன் போதும், அதற்கு மேல் போனால் கொடிக்கயிறு கட்டின மாதிரி தெரியும்.

அதைவிட நல்லது கிட்டிலேயே இருக்கிறது. பாகங்களை வெட்டியபின் மிச்சமாகிற ஸ்ப்ரூ குச்சியில் ஒரு சாண் எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நடுப்பகுதியைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள், சுடர் படக் கூடாது. நடுவில் பளபளப்பு ஏறி, குச்சி தன் கனத்திலேயே லேசாகத் தொய்யும். அந்த நொடியில் சுடரிலிருந்து விலக்கி, ஒரு மூச்சு விட்டு, இரண்டு கையையும் சீராக இழுங்கள். உடனே இழுத்தால் அறுந்துபோகும், ரொம்பத் தாமதித்தால் தடியாக நின்றுவிடும். மெதுவாக இழுத்தால் தடித்த இழை, வேகமாக இழுத்தால் மெல்லிய இழை. ஏரியல் கம்பத்திலும் வாலிலும் ஒட்டிய பிறகு தொய்வாக இருந்தால், அணைத்த ஊதுவத்தியின் சூட்டை இழைக்கு அருகில் தொடாமல் கொண்டுபோங்கள், அதுவே இழுத்துக்கொண்டு விறைக்கும். கம்பத்தை அதற்கு முன்னால் நன்றாகக் காயவிட்டிருக்க வேண்டும்.

தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் பெட்டியை மேல் பரணில் வைக்காதீர்கள், நிறுத்தின காருக்குள்ளும் கூடாது. மெல்லிய, நீளமான பாகங்கள்தான் முதலில் கோணும். கோணிவிட்டால் கை பொறுக்கிற சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, நேராக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முக்குங்கள். தூசிக்கு, தறி நின்றிருக்கிற விடிகாலையில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள், அடித்ததும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்து மூடுங்கள்.

ஜீரோ நம் பக்கம் வந்திருக்கிறதா? விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டது இந்த விமானம்தானா? அப்படி ஒன்றைச் செய்ய ஆசை.
– புத்தூர்

விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் 1942 ஏப்ரல் 6 அன்று குண்டு விழுந்தது. அந்த விமானங்கள் ரியூஜோ என்ற சின்ன விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்தவை, குண்டு போட்டவை நகாஜிமாவின் மூன்று இருக்கை பி5என் விமானங்கள். ஆகவே அந்த நிகழ்ச்சியைச் செய்ய வேண்டுமென்றால் ஜீரோ சரியான தேர்வு இல்லை.

ஜீரோ நமக்கு மிகப் பக்கத்தில் பறந்தது அதே வாரத்தில் இலங்கை மேல். ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு, 9 அன்று திருகோணமலை. ஐந்து பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்திருந்தன: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு. பிரிட்டிஷ் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது அந்த 9-ஆம் தேதிதான். எல்லாம் மாடல் 21 ஜீரோக்கள், சாம்பல் நிறம், கறுநீலக் கவுலிங். உடலின் பின்பகுதியில் ஒரு சிவப்புப் பட்டை என்றால் அகாகி, இரண்டு நீலப் பட்டை என்றால் ஹிர்யு. இந்தக் கப்பல்களின் குறியீடு கொண்ட டீகல்கள் தேடினால் கிடைக்கும். நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு ஜீரோ வேண்டுமென்றால் திருகோணமலை மேல் பறந்த ஒன்றைச் செய்யுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.

ரியூஜோ பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். காக்கிநாடாவுக்கு விமானம் அனுப்பிய அதே கப்பல் இரண்டு மாதம் கழித்து வட பசிபிக்கில் அலூஷியன் தீவுகளுக்குப் போனது. ஜூன் 4 அன்று தடயோஷி கோகா என்ற இளம் விமானியின் ஜீரோவில் தரையிலிருந்து சுட்ட குண்டு எண்ணெய்க் குழாயில் பட்டது. அக்குடான் தீவில் பச்சைப் புல்வெளி என்று நினைத்துச் சக்கரத்தை இறக்கினார், அது சதுப்பு நிலம். விமானம் குப்புறக் கவிழ்ந்தது, அவர் அங்கேயே இறந்தார். விமானம் அதிகம் சிதையவில்லை. ஜூலையில் அமெரிக்கர்கள் கண்டெடுத்து, சான் டியாகோவுக்குக் கொண்டுபோய், சீராக்கி, செப்டம்பரில் பறக்கவிட்டார்கள். அதுவரை பிடிபடாத ஜீரோவின் பலவீனங்கள் அப்போதுதான் அளந்து பார்க்கப்பட்டன: வேகம் கூடினால் பக்கவாட்டில் புரளக் கை ஓடாது, இடப்பக்கம் புரள்கிற சுலபம் வலப்பக்கம் இல்லை, மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எஞ்சின் தடுமாறும். கோகாவின் விமானத்தின் வால் எண் டிஐ-108. அதையும் மாடலாகச் செய்யலாம், மாடல் 21 கிட் போதும், எழுத்துகளை மட்டும் தனியே தேட வேண்டும்.

ஐயா, என் மகன் பத்தாவது படிக்கிறான், சேர்த்துவைத்த பணத்தில் ஜீரோ வாங்க வேண்டும் என்கிறான். என் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் போடக் கூட்டிப்போனார்கள், திரும்பவில்லை. பாட்டி பிள்ளைகளோடு கப்பலேறி வந்து இங்கே ஏலத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சிவப்பு வட்டத்தை வீட்டில் வைக்க மனசு ஒப்பவில்லை. மகன் அது வெறும் பொம்மைதானே அம்மா என்கிறான். தின்னர் வாசனை வேறு. என்ன செய்யட்டும்?
– குமுளி

அக்கா, உங்கள் மகன் சொல்வதை நான் ஏற்கவில்லை. அது வெறும் பொம்மையாக இருந்தால் 1942-ல் எந்தத் திருகு எந்த இடத்தில் இருந்தது என்று எங்களைப் போன்றவர்கள் படம் படமாகத் தேடமாட்டோம். நடந்ததை நடந்தபடி செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் உயிர். அப்படியென்றால் உங்கள் தாத்தாவும் அந்த நடந்ததில் சேர்ந்தவர்தான்.

சயாம், அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த மரண ரயில் 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள், கூலி தருகிறோம் என்று சொல்லிச் சிலரை, பலவந்தமாகப் பலரை. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கணக்கு வைக்கக்கூட ஆளில்லை. போர்க்கைதிகளாக அங்கே இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. டோக்கியோவில் யசுகுனி கோயிலை ஒட்டி யூஷூக்கான் என்று ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் முன்கூடத்தில் மாடல் 52 ஜீரோ ஒன்று நிற்கிறது. அதே கூடத்தில் சி56 என்ற நீராவி எஞ்சின் ஒன்றும் நிற்கிறது, சயாம் ரயில் பாதையில் ஓடிய எஞ்சின். இரண்டும் ஒரே கூரையின் கீழ். ஜீரோ செய்கிறவர்கள் மாடல் 52-இன் படங்களுக்காக அந்த அருங்காட்சியகத்தைத் தேடுவது வழக்கம். உங்கள் மகனும் ஒருநாள் தேடுவான், அப்போது பக்கத்தில் நிற்கிற எஞ்சின் யாருடைய எலும்பின் மேல் ஓடியது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. உத்தரவு போட உரிமை உங்களுக்கு இருக்கிறது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் தவறே இல்லை. ஆனால் முடிவெடுப்பதற்கு முன்னால் தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், பாட்டி சொன்னது எல்லாவற்றையும் அவனிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், அவனையே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவன் செய்ய விரும்பினால், மாடலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைக்கட்டும். அதில் விமானத்தின் விவரத்தோடு தாத்தாவின் பெயரும் இருக்கட்டும். இந்த விமானத்தைச் செய்யச் செய்ய அவனுக்கு இன்னொன்றும் புரியும். மாடல் 21-இல் விமானிக்குப் பின்னால் இரும்புத் தகடு இல்லை, குண்டு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் தொட்டி இல்லை, எடையைக் குறைப்பதற்காக ஆளின் பாதுகாப்பை விட்டுவிட்டார்கள். 1944 அக்டோபரில் 250 கிலோ குண்டைக் கட்டி, விமானியையும் சேர்த்தே கப்பலில் மோத அனுப்பினார்கள். தன் பிள்ளைகளையே அப்படிச் செலவழித்த ஓர் அரசு, தோட்டத்துக் கூலியை எப்படி நடத்தியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

மனசு ஒப்பவே இல்லை என்றால் பிரிட்டிஷ் ஹரிகேன் போர் விமானத்தைச் செய்யச் சொல்லுங்கள். கொழும்பு மேல் ஜீரோவோடு மோதியது அதுதான். 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஜப்பானியப் படைக்கு எதிராகப் பறந்ததும் ஹரிகேனில்தான்.

தின்னர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குமுளிக் குளிரில் ஜன்னலை மூடிக்கொண்டு அடிப்பான், விடாதீர்கள். காஸ் அடுப்பு இருக்கிற அறையிலும் வேண்டாம். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி பொருத்திய மாஸ்க் வேண்டும். முதல் வருஷம் அக்ரிலிக் பெயின்ட்டும் பிரஷ்ஷுமே போதும்.

காக்பிட்டுக்குள் எல்லாமே பச்சையா? ஜப்பானிய விமானத்துக்குள் ஒரு பளபளக்கும் நீலப் பச்சை இருக்கிறதே, அதை எப்படிக் கொண்டுவருவது?
– களியக்காவிளை

நீங்கள் சொல்வது அவோதாகே, துருப் பிடிக்காமல் இருக்க அலுமினியத்தின் மேல் பூசிய ஒளி ஊடுருவும் பூச்சு. விமானி உட்காருகிற இடம் மங்கலான மஞ்சட்பச்சை, டமியாவில் எக்ஸ்எஃப்-71 என்று தனியாகவே விற்கிறார்கள். அவோதாகே அவர் முதுகுக்குப் பின்னால், உடலின் உட்புறத்தில் வரும். முதலில் வெள்ளி நிறம் அடித்து முழுக்கக் காயவிடுங்கள். அப்புறம் எக்ஸ்-23 கிளியர் நீலமும் எக்ஸ்-25 கிளியர் பச்சையும் கலந்து, நன்றாகத் தண்ணீர்ப்பதமாக்கி, மிக மெல்லியதாக அடுக்கடுக்காக அடியுங்கள். முதல் அடுக்கில் ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கும், மூன்றாவதில் சட்டென்று நிறம் ஏறும், அங்கே நிறுத்திவிடுங்கள். விளிம்புகளில் கொஞ்சம் கூடுதலாகத் தேங்கினால் நிஜத்திலும் அப்படித்தான், துடைக்க வேண்டாம். ஒரே ஆலையிலேயே பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் நிறம் மாறிமாறி வந்திருக்கிறது, ஆகவே இதுதான் சரியான நிறம் என்று யாராவது அடித்துச் சொன்னால் கவலைப்படாதீர்கள்.

காக்பிட்டின் கண்ணாடி மூடியை ஃபெவிக்விக்கால் ஒட்டலாமா?
– திருத்தணி

கூடாது. அதன் ஆவி கண்ணாடிப் பாகத்தில் வெள்ளையாகப் படியும். சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, வழிந்தாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். மற்ற பாகங்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் அதுவே ஓடிப் பரவி, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும்.

ஜீரோ என்றாலே பெயின்ட் உரிந்து, உள்ளே வெள்ளி தெரிய வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு உரிக்கலாம்? உப்பு முறை எப்படி?
– வாளையார்

எந்த விமானம், எந்த மாதம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1941, 42-இல் கப்பலில் இருந்த சாம்பல் ஜீரோக்களைக் கண்ணும் கருத்துமாகப் பராமரித்தார்கள், அவற்றில் புகைக்கறை, கால் மிதித்த தேய்மானம், எண்ணெய்க் கசிவு, இதோடு நிறுத்த வேண்டும். திட்டுத்திட்டாக உரிந்தவை பிற்காலத்தவை. தென் பசிபிக்கின் ரபவுல், சாலமன் தீவுகள் மாதிரி உப்புக்காற்றிலும் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்த பச்சை ஜீரோக்களின் படங்களைப் பாருங்கள். பேர்ல் ஹார்பரில் பறந்த விமானத்தைச் செய்துவிட்டு அதை உரித்து வைத்தால் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் பொய்.

உப்பு முறைக்கு வெள்ளி நிறம் அடித்து, அதன் மேல் கிளியர் லேக்கர் ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். உரிய வேண்டிய இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தண்ணீர் தொட்டு, தூளுப்பைத் தூவுங்கள். அதோடு கல்லுப்பை அம்மியில் லேசாக நசுக்கிச் சில பெரிய துகள்களையும் போட வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அம்மைத் தழும்பு போலத்தான் வரும். இறக்கையின் வேர்ப் பகுதியில், விமானி ஏறுகிற இடத்தில், எஞ்சின் மூடியின் திருகுகளைச் சுற்றி அதிகம், இறக்கை முனைக்குப் போகப் போகக் குறைவு. தண்ணீர் காய்ந்ததும் பச்சையை அடியுங்கள். பச்சை காய்ந்த பிறகு பழைய டூத் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் உப்பு கரைந்து வெள்ளி வெளியே வரும். பிறகு விமானம் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், மிச்ச உப்பு கிளியர் கோட்டுக்கு அடியில் மாட்டினால் சில வாரத்தில் வெள்ளையாகப் பூக்கும். உங்கள் பக்கம் மார்கழி, தையில் கணவாய்க் காற்று வறண்டு வீசும்போது பெயின்ட் அருமையாகக் காயும், ஆனால் மண்ணையும் சேர்த்துக் கொண்டுவரும். ஜன்னலுக்கு ஈரத் துணி கட்டிவிட்டு அடியுங்கள்.

சிவப்பு வட்டத்துக்கு டீகலா, பெயின்ட்டா?
– பாலக்காடு

இந்த அளவில் பெயின்ட்தான். பெரிய டீகலுக்கு அடியில் காற்று மாட்டி வெள்ளி மினுமினுக்கும், இறக்கைத் தகடுகளின் கோடுகளும் மறைந்துவிடும். டீகல் தாளில் இருக்கிற வட்டத்தை அளந்து, காம்பஸ் கட்டரால் மாஸ்கிங் டேப்பில் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் பின்னணி நிறத்தையே டேப்பின் விளிம்பில் ஒரு தடவை மெல்லியதாக அடித்து இடுக்கை அடைத்துவிட்டு, அப்புறம் சிவப்பை அடித்தால் ஓரம் கசியாது.

வயிற்றுக்கு அடியில் வருகிற கூடுதல் பெட்ரோல் தொட்டியை மாட்டலாமா, விடலாமா?
– சித்தூர்

அந்த 330 லிட்டர் தொட்டி இருந்ததால்தான் மாடல் 21-ஆல் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க முடிந்தது. கப்பல் தளத்தில் புறப்படத் தயாராக நிற்கிற மாதிரி வைக்கப் போகிறீர்கள் என்றால் மாட்டுங்கள், சண்டை முடிந்து திரும்பிய விமானம் என்றால் வேண்டாம், சண்டைக்கு முன்னாலேயே கழற்றி விட்டுவிடுவார்கள். எப்படியானாலும் தொட்டியைத் தனியே பெயின்ட் அடித்து எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாக ஒட்டுங்கள், முன்னாலேயே ஒட்டினால் விமானத்தைப் பிடிக்க அடியில் இடம் இருக்காது.